வண்டியே வீடாக மலையில் 22 மாதம்: எல்லோரும் கேட்கும் கேள்விகள்

2022 ஜூன் முதல் 2024 மார்ச் வரை நான், என் கணவர், பத்து வயது மகள், ஐந்து வயது மகன் நான்கு பேரும் ஒரு கேரவன் வண்டியில் குடியிருந்தோம். பாதி நாள் நீலகிரி, பாதி நாள் கொடைக்கானல் பக்கம். டீக்கடையில், கல்யாண வீட்டில், பெட்ரோல் பங்கில் என்று எங்கே போனாலும் கேள்விகள் ஒன்றேதான். பதில் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடமாகிவிட்டதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

"நெசமாவே அதுலயே குடியிருந்தீங்களா? எவ்ளோ பெருசு வண்டி?"

ஆமாம். பொள்ளாச்சியில் வாடகை வீட்டைக் காலி செய்து, சாமான்களை மாமனார் வீட்டு மாடியில் அடுக்கிவிட்டுத்தான் கிளம்பினோம். வண்டி, டிராவலர் வேன் அளவு. உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். இரண்டு அடுப்பு, 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, பின்னால் ஒரு கட்டில், பகலில் மேசையாகவும் இரவில் படுக்கையாகவும் மாறும் இன்னொன்று.

நான்கு பேரும் ஒரே நேரத்தில் நிற்க இடமில்லை. ஒருவர் நடமாடினால் மூன்று பேர் உட்கார்ந்திருக்க வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சண்டை பற்றிய கேள்வி வரும்போது தேவைப்படும்.

"சாதா வேனை வாங்கி நாமளே வீடா மாத்திக்கலாம்ல அக்கா?"

உங்கள் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. ஆர்சி புத்தகத்தில் இருக்கிறபடிதான் வண்டி இருக்க வேண்டும். உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2019-ல் சொல்லியிருக்கிறது. மோட்டார் கேரவன் என்று தனி வகை உண்டு, அதற்கு ஏஐஎஸ் 124 என்ற தர விதியும் உண்டு. நாங்கள் கேரவனாகவே பதிவான பழைய வண்டியைத் தேடி வாங்கினோம். நாலு மாதம் அலைந்தோம், ஆனால் செக்போஸ்ட்டில் ஒரு தடவைகூட முழிக்க வேண்டியிருக்கவில்லை.

நீளமாகப் பேருந்தையே வீடாக்கும் ஆசை இருந்தால் மலையை மறந்துவிடுங்கள். 12 மீட்டருக்கு மேல் நீளமான பேருந்துகளுக்கு 2024 நவம்பரில் கொடைக்கானலில் தடை போட்டுவிட்டார்கள். தடை இல்லாவிட்டாலும் அந்த வளைவுகளில் திருப்ப முடியாது.

"பாத்ரூமுக்கு எங்க போவீங்க?"

இதைக் கேட்கக் கூச்சப்பட்டு, மூன்றாவது கேள்வியாகத்தான் எல்லோரும் கேட்பார்கள். உள்ளே பெட்டி மாதிரி ஒரு டாய்லெட் இருக்கிறது. அடியில் உள்ள தொட்டியைக் கழற்றி, செப்டிக் டேங்க் உள்ள கழிப்பறையில் கொட்ட வேண்டும். நான்கு பேருக்கு இரண்டு நாள்தான் தாங்கும். அதனால் பகலில் கட்டணக் கழிப்பறை, இரவுக்கு மட்டும் பெட்டி. கொட்டுவது என் கணவரின் வேலை. 22 மாதத்தில் நான் செய்தது மூன்றே தடவை, அதுவும் அவருக்குக் காய்ச்சல் வந்தபோது.

ஓடையில் கொட்டிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குன்னூர் ஆறு கீழே போய்ப் பவானியில்தான் சேர்கிறது. கீழே இருக்கிற ஊர்க்காரர்கள் குடிப்பது அந்தத் தண்ணீரை.

"சோறு வேகுமா அங்க?"

குக்கர் இருந்தால் வேகும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறது, ஆனால் சூடு போதாது. முதல் வாரம் பாத்திரத்தில் வைத்த துவரம்பருப்பு ஒன்றரை மணி நேரம் ஆகியும் கல்லாகவே கிடந்தது, கேஸ்தான் தீர்ந்தது.

கேஸும் குளிரில் மக்கர் பண்ணும். சிலிண்டரில் இருக்கும் பியூட்டேன் பூஜ்யம் டிகிரியை நெருங்கினால் ஆவியாகாமல் அடியிலேயே தங்கிவிடும். ஜனவரிக் காலையில் சிலிண்டரை ஆட்டினால் தண்ணீர் சத்தம் கேட்கும், அடுப்பில் தீ வராது. வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள வாளியில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் சரியாகும். நெருப்புக் காட்டவே கூடாது. ஐந்து கிலோ சிலிண்டர் பெட்ரோல் பங்குகளில் கிடைக்கிறது, அடையாள அட்டை போதும், முகவரிச் சான்று தேவையில்லை. எங்களைப் போல முகவரி இல்லாதவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

"குளிருக்கு உள்ள ஒரு கரிச்சட்டி வெச்சுக்கிட்டா கதகதன்னு இருக்குமே?"

வைக்காதீர்கள். மலையில் குளிர் காய அறைக்குள் கரி மூட்டிவிட்டுத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தி ஒவ்வொரு குளிர்காலமும் வருகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, இருமல்கூட வராது, தூக்கத்திலேயே முடிந்துவிடும். மூடிய வண்டி ஓர் அறையைவிடச் சின்னது. அடுப்பை எரியவிட்டுச் சூடேற்றுவதும் இதே ஆபத்துதான்.

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஊட்டியில் தலைக்குந்தா, காந்தல் பக்கம் உறைபனி விழும். புல் வெள்ளையாக, உப்புத் தூவின மாதிரி இருக்கும். நாங்கள் மழை ஓய்ந்ததும் கோத்தகிரிக்கோ தாண்டிக்குடிக்கோ இறங்கிவிடுவோம். சில நூறு மீட்டர் கீழே வந்தாலே இரவு வேறு மாதிரி இருக்கும். இரண்டு கம்பளி, வெந்நீர்ப் பை, குரங்குக் குல்லா. எங்கள் பையன் அந்தக் குல்லாவை ஏப்ரலிலும் கழற்றவில்லை.

குளிரைவிடத் தொல்லை ஈரம். நான்கு பேர் மூச்சு விட்டால் ஓர் இரவில் நிறையத் தண்ணீர் காற்றில் சேர்ந்து, கண்ணாடியிலும் தகரத்திலும் வடியும். ஜன்னலை இரண்டு விரற்கடை திறந்து வைத்துத்தான் தூங்க வேண்டும். முதல் மழைக்காலத்தில் குளிருக்குப் பயந்து திறக்கவில்லை. மெத்தையின் அடிப்பக்கம் முழுக்கப் பூஞ்சை, மகளுக்கு ஒரு மாதம் மூச்சிழுப்பு.

"ராத்திரி எங்க நிறுத்துவீங்க? யாரும் தொரத்த மாட்டாங்களா?"

துரத்தினார்கள். முதல் மாதத்தில் மட்டும் மூன்று முறை. காட்டோரம், ஏரிக்கரை, வியூ பாயிண்ட் எல்லாம் பகலுக்குத்தான். வனத்துறை நிலத்தில் அனுமதி இல்லாமல் இரவு தங்குவது குற்றம். அப்புறம்தான் புத்தி வந்து, வீடு உள்ளவர்களிடம் களத்தை வாடகைக்குக் கேட்க ஆரம்பித்தோம். கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் கிராமம்) ஒரு படுகர் பாட்டி மாதம் 4,000 ரூபாய்க்கு வாசல் கொடுத்தார். தண்ணீர், ஒரு பிளக், அவர் வீட்டுக் கழிப்பறை எல்லாம் சேர்த்து. பூம்பாறையில் பூண்டுக் களம் ஒன்று கிடைத்தது, அறுவடை நாட்களில் மட்டும் காலி செய்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

"யானை கரடியெல்லாம் வராதா கண்ணு?"

யானைக்கு எங்களிடம் வேலை இல்லை. கரடிக்கு உண்டு. கோத்தகிரி, குன்னூர் பக்கம் கரடிகள் எண்ணெய்க்கும் இனிப்புக்கும் கடை, வீடு, கோயில் என்று கதவை உடைத்து நுழைகிறவை. விளக்கில் ஊற்றின எண்ணெய்கூட மிஞ்சாது. அதனால் எண்ணெய், வெல்லம், தின்பண்டம் எல்லாம் இறுக்கமான மூடி போட்ட டப்பாவில், குப்பை பாட்டி வீட்டுக்குள். இருட்டிய பிறகு பிள்ளைகள் தனியாகக் கீழே இறங்கக் கூடாது.

கொடைக்கானல் பக்கம் காட்டுமாடு. தெருவிலேயே நிற்கும், பசு மாதிரி இருக்கிறதே என்று ஊர்க்காரர் அல்லாதவர்கள் பக்கத்தில் போய் போட்டோ எடுப்பார்கள். எங்கள் வண்டியில் முதுகைத் தேய்த்த ஒன்று பக்கவாட்டுக் கண்ணாடியைக் கொண்டு போய்விட்டது. அதோடு போயிற்றே என்று விட்டுவிட்டோம்.

"மலை எறங்கறப்ப பிரேக் புடிக்கலன்னா?"

நியாயமான பயம். வீட்டுச் சாமானோடு போகும் வண்டி சாதாரண வேனைவிடப் பல நூறு கிலோ அதிகம். ஏறின கியரிலேயே இறங்குங்கள் என்பது மலை டிரைவர்கள் சொல்லும் பாடம். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும், முதலில் கருகிய மணம் வரும். வந்தால் ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஏறி வருகிற வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும்.

கல்லட்டி மலைப்பாதை, 36 கொண்டை ஊசி வளைவு, அதில் வெளியூர் வண்டிகள் மசினகுடிக்கு இறங்க அனுமதி கிடையாது. எங்கள் வண்டி பொள்ளாச்சிப் பதிவு, எனவே கூடலூர் வழியாகச் சுற்றித்தான் போவோம். சுற்று என்று முணுமுணுத்த என் கணவர், அந்தப் பாதையைப் பகலில் பஸ்ஸில் ஒரு முறை போய்ப் பார்த்த பிறகு முணுமுணுக்கவில்லை. முதுமலை வழியாக மைசூர் போகும் சாலையும் இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும்.

"சம்பாத்தியத்துக்கு என்ன பண்றீங்க?"

கணவர் சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்பவர். நாங்கள் எந்த ஊரில் நிற்பது என்பதை முடிவு செய்தது இயற்கை அழகு அல்ல, 11-ம் தேதியும் 20-ம் தேதியும்தான். அந்த இரண்டு கெடுவுக்கும் நெட் கிடைக்கிற இடத்தில் இருக்க வேண்டும். மன்னவனூர் எவ்வளவு அழகு! 8-ம் தேதி வந்தால் கிளம்பிவிடுவோம். மூடுபனி நாட்களில் சோலார் தகடு கால்வாசிகூடத் தராது, லேப்டாப்புக்கு வாசல்காரர் வீட்டு பிளக்தான்.

மாதம் 35,000-லிருந்து 40,000 வரை ஆயிற்று. வாடகை வீட்டைவிடச் சிக்கனம் என்று நினைத்துத்தான் தொடங்கினோம். டீசல் குறைவுதான், மாதம் இரண்டு முறைதானே நகர்வோம். ரிப்பேர்தான் தின்றது. கிளட்ச் போன மாதம் மட்டும் 31,000. ஒரு பட்டறையில் மாற்றிய அதே கிளட்ச் மூன்றே வாரத்தில் மறுபடி போனது தனிக் கதை.

"புள்ளைங்க படிப்பு என்னாவறது?"

இதற்கு நல்ல பதில் என்னிடம் இல்லை, நடந்ததைச் சொல்கிறேன். டிசி வாங்கிக்கொண்டோம். தமிழ்நாட்டுப் பாடநூல்களை வைத்துக் காலையில் மூன்று மணி நேரம் நான் சொல்லிக் கொடுத்தேன். 2009-ன் கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயதுப் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும், டிசி இல்லை என்றும் மறுக்கக் கூடாது. அதனால் 2024 ஜூனில் இருவரையும் சேர்ப்பதில் சிக்கல் வரவில்லை. பத்தாம் வகுப்பு வயதுப் பிள்ளை என்றால் தேசிய திறந்தநிலைப் பள்ளி உண்டு, 14 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

சட்டம் சேர்த்துக்கொண்டது, வகுப்பு சேர்த்துக்கொள்ள நாளாயிற்று. மகளுக்குப் பின்னக் கணக்கு தகராறு. தமிழும் ஆங்கிலமும் மற்றவர்களைவிட நன்றாகவே வந்தன, மழை நாளில் படிப்பதைத் தவிர அவளுக்கு வேறு என்ன இருந்தது? பையனுக்கு வரிசையில் நிற்கத் தெரியவில்லை. மிஸ் பேசும்போது எழுந்து வெளியே போய்விடுவான். அதைவிட, மகள் ஒரு நாள் கேட்டாள்: "அம்மா, எனக்கு ஃப்ரெண்டுன்னு யாரு இருக்கா?" அப்போது அவளுக்குப் பதினொன்று. கோத்தகிரிப் பாட்டியின் பேத்தி இருந்தாள், ஆனால் நாங்கள்தான் நகர்ந்துகொண்டே இருந்தோமே. அதற்குப் பிறகு ஒரே இடத்தில் நான்கு மாதம் நின்றோம்.

"வயசுக்கு வர்ற பொண்ணை வெச்சுக்கிட்டு அதுல எப்படி அம்மிணி?"

பெண்கள் மட்டும் குரலைத் தாழ்த்திக் கேட்பது. பின் கட்டிலைச் சுற்றிக் கெட்டித் திரை போட்டு, அது அவளுடைய அறை, கேட்காமல் யாரும் விலக்கக் கூடாது என்று வைத்தோம். கடைசிக் குளிர்காலத்தில் அந்த நாளும் வந்தது. பாட்டி வெந்நீர் போட்டுத் தன் வீட்டுக் குளியலறையைக் கொடுத்தார். என் மாமியார் பொள்ளாச்சியிலிருந்து உளுந்தங்களியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். வண்டிக்குள் கால் வைக்க மாட்டேன் என்று தொடக்கத்திலேயே சொன்னவர், அன்றும் வைக்கவில்லை. பாட்டி வீட்டில் தங்கிக்கொண்டார். இருவருக்கும் ஒருவர் பாஷை ஒருவருக்குப் பாதிதான் புரியும், இரவு பதினொன்று வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

"புருசன் பொண்டாட்டிக்குள்ள சண்டையே வராதா?"

வீட்டில் கோபம் வந்தால் அவர் மாடிக்குப் போவார், நான் சமையலறையில் பாத்திரத்தை ஓங்கி வைப்பேன். இங்கே மாடி இல்லை. பாத்திரத்தை ஓங்கி வைத்தால் வண்டியே ஆடும், தூங்குகிற பிள்ளை எழுந்துவிடும். கதவைச் சாத்திவிட்டுப் போனால் வெளியே மழை. முன்னால் சொன்னேனே, ஒருவர் நின்றால் மூன்று பேர் உட்கார வேண்டும் என்று. கோபமாக இருக்கும் ஆளுக்காகக் காலை மடக்கி வழிவிட்டுப் பாருங்கள், தெரியும்.

மழையைப் பற்றித் தெரிந்துகொள்ளாததும் ஒரு காரணம். நீலகிரியில் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் கொட்டும். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரிச் சரிவு நனையும். இரண்டுக்கும் நடுவில் இடம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் வருடம் தெரியாமல் நவம்பரில் கோத்தகிரியில் நின்று ஒன்பது நாள் கதவைத் திறக்க முடியாமல் கிடந்தோம். ஏழாம் நாள் இரவு, பல் துலக்கும் பேஸ்டை அமுக்குகிற விதத்துக்காக நான் அழுதேன்.

பிறகு இரண்டு ஏற்பாடு செய்தோம். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் திரை. திரை மூடியிருந்தால் உள்ளே இருப்பவரிடம் யாரும் பேசக் கூடாது. அதிகம் பயன்படுத்தியது மகள்தான். இன்னொன்று, எங்கள் சண்டையைக் குடைக்கு அடியில் வைத்துக்கொள்வது. இரண்டு பேரும் ஒரு குடையில் தேயிலைத் தோட்டம் வரை நடந்து, அங்கே கத்திவிட்டு வருவோம். நனையாமல் இருக்கப் பக்கத்திலேயே நடக்க வேண்டியிருக்கும் என்பது எங்கள் திட்டத்தில் இல்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். 2023 பிப்ரவரியில் கொடைக்கானலிலிருந்து பழனி பஸ் ஏறி, பிள்ளைகளோடு பொள்ளாச்சி போய்ப் பன்னிரண்டு நாள் இருந்தேன். எதற்கு என்பது எங்களோடு இருக்கட்டும். திரும்பி வந்தபோது வண்டி படு சுத்தமாக இருந்தது, அதிலேயே அவர் எத்தனை நாள் தூங்கவில்லை என்று தெரிந்தது.

"ஒடம்பு சரியில்லாமப் போனா என்ன பண்ணுவீங்க?"

சாதாரணக் காய்ச்சலுக்கு ஆரம்ப சுகாதார நிலையம். வண்டி நிற்கும் இடத்திலிருந்து 108 வர எத்தனை நிமிடம் ஆகும் என்று போன அன்றே ஊர்க்காரரிடம் கேட்டு வைப்போம். ஊட்டியில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கொடைக்கானலில் பெரிய கேஸ் என்றால் தேனிக்கோ திண்டுக்கல்லுக்கோ இறங்க வேண்டும். இறங்கவே இரண்டு மணி நேரம் ஆகிவிடும். இதய நோயாளியோ நிறைமாதக் கர்ப்பிணியோ வீட்டில் இருந்தால் இந்த வாழ்க்கை இப்போதைக்கு வேண்டாம்.

"ஊர்ல ஒரு நல்லது கெட்டதுன்னா போய்ச் சேர முடியுமா?"

எங்களால் முடியவில்லை.

2023 ஜூலை, அவலாஞ்சிப் பக்கம் மஞ்சூரில் நின்றோம். அந்த மாதத்தில் அந்தப் பக்கம் மழை கொட்டும் என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். இலவசமாக இடம் கிடைத்ததென்று நின்றோம். விடிகாலை நான்கு மணிக்கு மாமனார் தவறிவிட்டார் என்று கொழுந்தன் போன் செய்தான். குன்னூர் ரோட்டில் மரம் விழுந்து அடைப்பு. கெத்தை வழி, 43 வளைவு, காரமடையில் இறங்கிவிடலாம் என்று திருப்பினோம். பாதி வழியில் குட்டியோடு யானைக் கூட்டம். எஞ்சினை அணைத்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஹாரன் அடிக்க முடியாது, இறங்கி நடக்க முடியாது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. போன் சிக்னலும் இல்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டார்கள். மழை வரும், இதற்கு மேல் வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் முடிவு செய்து, மூத்த மகன் இருக்க இளையவன் கொள்ளி வைத்தான். பங்காளிகள் வாசலில் வைத்தே கேட்டார்கள். என் கணவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. மாமியார் மட்டும், "மரம் விழுந்தா அவன் என்ன பண்ணுவான்?" என்றார். காரியம் முடிந்து மலைக்குத் திரும்பினோம், ஆனால் அதன் பிறகு எந்த ஊரில் நிறுத்தினாலும் பொள்ளாச்சிக்கு இரண்டு வழி இருக்கிறதா என்று பார்த்துத்தான் நிறுத்துவார். கொடைக்கானல் அதற்கு வசதி: வத்தலகுண்டுப் பக்கமும் இறங்கலாம், பழனிப் பக்கமும் இறங்கலாம்.

"இப்ப போகணும்னா இ-பாஸ் வேணுமாமே?"

ஆமாம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் கோடை சீசனுக்கு வண்டி எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள்: நீலகிரிக்கு வேலை நாளில் 6,000, வார இறுதியில் 8,000; கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மே மாதம் நீலகிரியில் குன்னூர் வழியாக ஏற்றம், கோத்தகிரி வழியாக இறக்கம் என்று ஒருவழியும் ஆக்குவார்கள். நாங்கள் இருந்த காலத்தில் பாஸ் இல்லை. ஆனால் மே மாதத்தில் நாங்கள் வண்டியை நகர்த்தியதே இல்லை.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலோடு போகாதீர்கள், இரண்டு இடத்திலும் அதற்குத் தடை. கேன் எடுத்துப் போனால் தண்ணீர் ஏடிஎம்மில் பிடித்துக்கொள்ளலாம்.

"வண்டியை விக்கறதாக் கேள்விப்பட்டேன், என்ன வெல சொல்றீங்க?"

விற்பதாகத்தான் இருந்தோம். இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டும் போனார்கள். இப்போது வண்டி மாமியார் வீட்டு வேப்பமரத்தடியில் நிற்கிறது. மதியம் சாப்பிட்டதும் மாமியார் தலையணையோடு உள்ளே போய்விடுகிறார். நாலு மணி வரை டிரைவர் சீட்டுத் திரை மூடியிருக்கிறது, யாரும் கூப்பிடுவதில்லை.